அப்பாதுரை குடித்த கிண்ணம்

திருவண்ணாமலை,
10-3-1982

அன்புள்ள மருமகள் சந்திரகலாவுக்கு உன் தாய்மாமன் வேணு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே உன் அம்மாவும் நானும் உன் அத்தை சந்திரம்மாளும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதேபோல நீயும் அந்த ஜபல்பூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கிறேன் என்று உன் உடம்பைக் கவனிக்காமல் விடாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன் என்றாலும் என்னைப்போல் கடிதம் எழுத இந்த ஊரில் பி.ஏ. படித்தவனுக்கும் வராது, தபால்காரரே சொல்லியிருக்கிறார். மைக் செட் கடை ஆண்டவர் தயவில் நன்றாக ஓடுகிறது. போன கார்த்திகை தீபத்துக்கு நம்ம ஸ்பீக்கர் குழாய்தான், மலை உச்சியில் கொப்பரை பக்கத்தில் நின்றவன் காதிலேயே நான் கீழே சொன்ன "அலோ அலோ" விழுந்ததாம். உன் கல்யாணத்துக்கென்று கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன், டெய்லர் அளவெடுத்துவிட்டு இந்த மாதிரி மார்பு வெள்ளைக்காரன் காலத்துக்கு அப்புறம் பார்க்கவில்லை என்றான். இதெல்லாம் சந்தோஷ சமாச்சாரம். இனி எழுதப்போவது அப்படி இல்லை. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது. நீ உட்கார்ந்துகொண்டு படி.

உன் அப்பன் வந்திருக்கிறான். ஆமாம், அந்த அப்பாதுரைதான். நீ மூன்றாவது படிக்கும்போது அம்மை போட்டுக் கிடந்தாயே, அன்றைக்கு மருந்து வாங்கி வருகிறேன் என்று துணிப்பையை எடுத்துக்கொண்டு போனவன், போனவன்தான். கீழ்பென்னாத்தூர்ப் பெண் பச்சையம்மாளோடு குடித்தனம் வைத்தான், அடி அண்ணாமலையில் ரோட்டோரம் கடை போட்டு மலை சுற்றுகிற ஜனங்களுக்குக் கற்பூரம் விற்றான் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருப்பான், நான் பஸ்ஸில் போகும்போது பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தப் பச்சையம்மாள் போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். இப்போது ஐயாவுக்கு ஆண்டவர் ஞாபகம் வந்துவிட்டது. சமைத்துப் போட ஆள் இல்லாதபோது வருகிற மனந்திரும்புதலைப் பார்த்தால் எனக்குக் காறித் துப்பலாம் போல இருக்கிறது. மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் உன் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றான். தாடியும், பீடிக்கறை பிடித்த மீசையும், முன்பல் இரண்டு இல்லாத வாயுமாக, பார்க்கவே அருவருப்பாக இருந்தான். நான் அப்போது உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன், எழுந்து ஒரே அடியில் அவனைத் தேரடி வரைக்கும் பறக்கவிட்டிருப்பேன், உன் அம்மா முந்திக்கொண்டாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். "மருந்து கிடைச்சுதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து புளி கரைக்க ஆரம்பித்துவிட்டாள். அவன் ரொம்ப நேரம் வெளியே நின்றுவிட்டு, பாஸ்டர் ஐயாவைப் பார்க்கப் போய்விட்டான்.

பாஸ்டர் ஐயா நல்ல மனுஷர், வயதில் சின்னவர், அவரை நான் குறை சொல்லமாட்டேன். இவனைப்போல் சபையிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவன் திரும்பச் சேரவேண்டுமானால் மூப்பர்கள் விசாரிக்கவேண்டும் என்று கூட்டம் போட்டார். என்னையும் கூப்பிட்டார்கள், நான் இல்லாமல் எந்தக் கூட்டம் நடக்கும். அங்கே நடந்ததைத்தான் நீ கேட்கவேண்டும் கலா. பெரிய மூப்பர் சகாதேவன் இருக்கிறாரே, அவர் வாயைத் திறந்தார் பார், கற்பூரம், கற்பூரம், கற்பூரம். கற்பூரம் எங்கே வாங்கினாய், பௌர்ணமிக்கு எவ்வளவு விற்றாய், விபூதி நீயே பூசினாயா வேறு யாராவது பூசிவிட்டார்களா, மூன்று விரலால் பூசினாயா ஒரு விரலாலா. மற்ற மூப்பர்களும் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ஒருத்தர்கூட உன் அம்மா பெயரை எடுக்கவில்லை. கட்டின பெண்டாட்டியையும் காய்ச்சலில் கிடந்த பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடினவனிடம் விபூதிக்கணக்குக் கேட்கிறார்கள். எழுந்து நின்று, "எங்க அக்கா ராஜம்மாள் வயிறெரிஞ்சதுக்கு ஒரு கேள்வி கெடையாதா?" என்றேன். அதற்குச் சகாதேவன், "அது குடும்ப விஷயம் வேணு, இது விக்கிரக ஆராதனை விஷயம். நீ ஜாஸ்தி பேசாதே, கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்றவன்தானே நீ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் விட்டேனா, "நான் சத்தத்தைத்தான் வாடகைக்கு வுடறேன், ஆத்துமாவை இல்லை" என்று ஒரு போடு போட்டேன். பாஸ்டர் ஐயா குனிந்து சிரித்துக்கொண்டார். ஆனால் உன் அப்பன் மட்டும் சிரிக்கவில்லை, கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பவ்வியமும் எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அன்றைக்குத்தான் அவனைச் சபைக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஆயிரம் பேர் வந்திருந்தார்கள், சரி, நம்ம ஆலயத்தில் இருநூறு பேர்தான் உட்காரமுடியும், ஆனால் ஜன்னல் பக்கம் நின்றவர்களைச் சேர்த்துச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்குக்கூட வராதவனெல்லாம் வந்திருந்தான், அடுத்தவன் பாவத்தைக் கேட்க எவ்வளவு ஆசை பார். நான் ஓசியிலேயே மைக் போடுகிறேன் என்று சொன்னேன். பாஸ்டர் ஐயா, வேண்டாம் அண்ணே, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கவேண்டாம் என்று தடுத்துவிட்டார். மூப்பர்கள் எழுதிக்கொடுத்த காகிதத்தை அவன் கையில் கொடுத்தார்கள், அதில் முழுக்கக் கற்பூர மன்னிப்புதான். அவன் அதைப் பார்த்தான், மடித்தான், சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான், நான் மனப்பாடமாக எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் என் கைச்சரக்கு இல்லை. "கற்பூரம் வித்தது வயித்துப்பாட்டுக்குங்க. அதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க, கேட்டுக்கறேன். ஆனா அதால எனக்குத் தூக்கம் கெட்டது இல்லீங்க. கொழந்தைக்கு அம்மை போட்டிருந்துது. மருந்து வாங்கியாறேன்னு பையை எடுத்துகினு கெளம்பினேன். கடைக்கும் போகலை, மருந்தும் வாங்கலை, பஸ் ஏறிட்டேன். அந்தக் கொழந்தை செத்துதா பொழைச்சுதான்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் பயம். அதாங்க என் பாவம். அதை யார்கிட்ட கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியாம இங்க வந்து நிக்கறேன்." இவ்வளவும் சொல்லிவிட்டு முழங்கால் போட்டான். நான் ஒன்று சொல்கிறேன் கலா, அன்றைக்கு நீ சாகாமல் பிழைத்தது என்னால். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வேலூர் வரைக்கும் ஓடினதாகத்தான் எல்லோரிடமும் சொல்வேன், உண்மையில் பெரியாஸ்பத்திரி வரைதான், ஆனால் ஓடினது ஓடினதுதான். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், விட்டுவிட்டுப் போனவன் பீடத்துக்கு முன்னால் எல்லோர் கண்ணும் பார்க்க முழங்காலில் நிற்கிறான். எனக்குக் குமட்டுமா குமட்டாதா, நீயே சொல்.

"சபையாரே, இந்தச் சகோதரரை ஏற்றுக்கொள்கிறீர்களா" என்று பாஸ்டர் ஐயா கேட்டார். "ஏற்றுக்கொள்கிறோம்" என்று எல்லோரும் சொன்னார்கள், சகாதேவன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. வாயால் சொல்வதற்கு என்ன செலவு. ஆனால் நம்ம சபையில் ஒரு வழக்கம் இருக்கிறதே, உனக்கு மறந்திருக்கும். திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படுகிறவன் அன்றைக்கு முதல் பந்தியில் முதல் ஆளாக முழங்கால் போடவேண்டும். திராட்சரசக் கிண்ணத்தில் முதலில் அவன் வாய் படும், சபை முழுக்க அவனுக்குப் பிறகு அதே கிண்ணத்தில் குடிக்கவேண்டும். அதுதான் உண்மையில் ஏற்றுக்கொள்வது, மற்றதெல்லாம் பேச்சு. அவன் போய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதி ஓரத்தில் முழங்கால் போட்டான். ரொட்டியைக் கொடுத்தார்கள், கிண்ணத்தைக் கொடுத்தார்கள். குடித்தான். அந்த மீசை ரசத்தில் நனைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், சீ, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பாஸ்டர் ஐயா வெள்ளைத் துணியால் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்துவிட்டு, அடுத்த ஆளுக்குத் திரும்பினார். அடுத்த ஆள் இல்லை. பதினைந்து பேர் முழங்கால் போடுகிற கிராதியில் அவன் ஒருத்தன். ஆண்கள் பக்கம் ஒரு கால்கூட அசையவில்லை. எப்போதும் முதல் ஆளாகப் பாய்ந்து போகிற சகாதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், அந்தக் கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். அவர் சம்சாரம் ஜோதியம்மாள் பக்கத்துப் பெண்ணிடம், "எனக்குக் காலையிலேர்ந்து வயித்தைப் பொரட்டுது" என்றாள், எனக்குக் காதில் விழுந்தது. பாஸ்டர் ஐயா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உன் அப்பன் தலையைத் தூக்கவில்லை, ஆனால் அவன் காது சிவந்துபோனது பின்னாலிருந்தே தெரிந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா எழுந்தாள். பெண்கள் பந்தி ஆண்கள் பந்திக்குப் பிறகுதான் என்பது அவளுக்குத் தெரியாதா, அந்த ஆலயத்தில் பிறந்து வளர்ந்தவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவழியைக் கடந்து ஆண்கள் பக்கத்துக் கிராதிக்கே போனாள். ஒரு ஆள் முழங்கால் போடுகிற இடத்தை நடுவில் விட்டுவிட்டு அவனுக்கு அடுத்ததாக முழங்கால் போட்டாள். அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அம்மா, பொம்பளைங்க பந்தி..." என்று சகாதேவன் ஆரம்பித்தார், பாஸ்டர் ஐயா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். உன் அம்மா குடித்தாள். மெதுவாக, ஒரு வாய் முழுக்க, கஷாயம் குடிக்கிற மாதிரி முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். அவளே குடித்தபிறகு எவனுக்கு என்ன சாக்கு இருக்கிறது. பாஸ்டரம்மா போனார்கள், ஆண்களும் பெண்களும் கலந்து பந்தி பந்தியாகப் போனார்கள், சகாதேவன் கடைசிப் பந்தியில் கடைசி ஆளாகப் போனாராம், அதற்குள் நூறு வாய் பட்டுக் கிண்ணம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தார் போலிருக்கிறது. இவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் அப்பன்மேல் இருந்த வெறுப்பு பாதிக்குமேல் இவர்கள்மேல் மாறிவிட்டது. நான் எங்கே இருந்தேன் என்று கேட்பாய். கடையில் ஆம்ப்ளிபையர் சூடாகிக் கருகின வாசனை வருகிற மாதிரி எனக்குத் தோன்றியது, ஆலயத்திலிருந்து கடைக்கு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் என் மூக்கு அப்படிப்பட்டது. அதனால் என் முறை வருமுன்னே பக்கவாசல் வழியாகப் போய்விட்டேன். உன் அம்மா சாயங்காலம் வந்து, "ஏண்டா, வாடகைக்குப் போகாத நாள்ல பூட்டின கடைக்குள்ள ஆம்ப்ளிபையர் எப்படிடா சூடாச்சு?" என்று கேட்டாள். படிக்காதவளிடம் மின்சார விஷயத்தை விளக்கமுடியாது.

ஆராதனை முடிந்ததும் அவன் பையை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பு. அம்மா வீட்டு வாசலில் நின்று திரும்பிச் சொன்னாளாம், உன் அத்தை கூடவே போனவள், அவள்தான் என்னிடம் சொன்னாள். "அது ஆண்டவர் வூடு, அவரு போட்ட சோறு. அங்க உனக்கு எடமில்லேன்னு சொல்ல நான் யாரு. இது என் வூடு. இங்க அடுப்பு பத்த வைக்கிறவ நானு." இப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது, என் அக்காவாயிற்றே, எங்கள் வம்சத்து ரோஷம் அது என்று சந்திரம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடிக்கவில்லை, அக்காவே வந்து நிற்கிறாள், "வேணு, உன் கடைக்குப் பின்னால கொட்டாய் சும்மாத்தானே இருக்குது, அந்த ஆளை அங்க படுக்கச் சொல்லு" என்கிறாள். நான் குதித்தேன், கூரை வரைக்கும் குதித்தேன். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "தெருவுல படுத்துக் கெடந்தா கலா கல்யாணத்துக்கு வர்றவங்க உன்னைத்தான் கேப்பாங்க" என்றாள். என்னை எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆக, கலா, உன் அப்பன் இப்போது என் கொட்டகையில் குழாய்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டிருக்கிறான். பீடி நாற்றம், இருமல், காலையில் கிணற்றடியில் அவன் வாய் கொப்பளிக்கிற சத்தம், எல்லாம் எனக்கு அருவருப்பு. நான் கேட்காமலே குழாய்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறான், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. "மச்சான்" என்று கூப்பிடுகிறான். நான் திரும்புவதே இல்லை. நேற்று ஒன்று கேட்டான், "பாப்பாவுக்கு அம்மைத் தழும்பு இருக்குதா மச்சான்?" என்றான். மூக்கு ஓரத்தில் ஒன்று, இடது புருவத்துக்கு மேலே ஒன்று என்று சொன்னேன். எதற்குச் சொன்னேனோ தெரியவில்லை. அதைக் கேட்டுவிட்டுத் தேய்த்த குழாயையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் உனக்குக் கல்யாணம். கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், "இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்" என்று பாஸ்டர் ஐயா கேட்கும்போது "நான்" என்று சொல்கிற ஆள் நான்தான் என்பது நீ பிறந்ததிலிருந்து இல்லாவிட்டாலும் அம்மை போட்டதிலிருந்து முடிவான விஷயம். அந்த ஒரு வார்த்தையை எந்தச் சுருதியில் சொல்வது என்றுகூட நான் பழகிவைத்திருக்கிறேன். நேற்று சகாதேவன் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "என்ன வேணு, சொந்த அப்பன் வந்துட்டான், சபையிலயும் சேந்துட்டான், இனிமே உனக்கு வேலை மிச்சம்யா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. அக்காவிடம் போய் முறையிட்டேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்றுதான் போனேன். அவள் சொன்னது வேறு. யார் கையைப் பிடிப்பது என்பதைப் பெண்ணே சொல்லட்டும் என்றாள். அதோடு விட்டாளா, "ஈஸ்டர் பந்தியில அந்த ஆளுக்கு அடுத்து நீ வாய் வைக்கலேன்னா, கல்யாணத்தன்னிக்கு நீ மைக் கிட்டயே உக்காந்துக்கோ. பந்திக்கு வராதவன் பொண்ணைக் கொண்டுபோய் எந்த மொகத்தோட பீடத்துகிட்ட நிப்பே?" என்றாள். அவனை மன்னிக்கச் சொன்னால்கூட வாயால் மன்னித்துவிடுவேன், நானும் சபையோடு சேர்ந்து "ஏற்றுக்கொள்கிறோம்" என்று கத்தினவன்தான். அவன் வாய் வைத்த இடத்தில் வாய் வைப்பது வேறு. அன்றைக்கு நீ என் தோளில் எரிகிற அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தாய், அந்தச் சூடு இன்னும் இந்தத் தோளில் இருக்கிறது.

ஆகவே நீ யோசித்து எழுது. எனக்காகவும் எழுதவேண்டாம், அம்மாவுக்காகவும் வேண்டாம். அவன் வேண்டும் என்றால் அவன் என்று எழுது, நான் ஒன்றும் செத்துப்போய்விடமாட்டேன், கோட்டு தைத்தது தைத்ததுதான், அதைப் போட்டுக்கொண்டு ஆம்ப்ளிபையர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கல்யாணத்துக்கு மைக் வேண்டாம் என்று எந்தப் பாஸ்டரும் சொல்லமுடியாது. "நான்" என்று எவன் சொன்னாலும் அது என் குழாய் வழியாகத்தான் வெளியே கேட்கவேண்டும், அதைச் செங்கம் வரைக்கும் கேட்கவைப்பது என் பொறுப்பு. ராத்திரி டியூட்டி முடிந்து வரும்போது தனியாக வராதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், அவர் வீட்டாருக்கு இந்த விஷயத்தை நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு, வேறு வாய் வழியாகப் போகக்கூடாது. உன் பதில் ஈஸ்டருக்கு முன்னால் இங்கே வந்து சேரவேண்டும், மறந்துவிடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன் கைபட்ட நோயாளிகளுக்கெல்லாம் சுகம் கொடுத்து, உன்னைச் சந்தோஷமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடின மாமா,
மை. வேணு
வேணு சவுண்டு சர்வீஸ்

தாளில் இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் டீ போட்டான். கடையில் இருப்பது ஒரே டம்ளர். அவன் பாதி குடித்துவிட்டு என்ன நினைத்தானோ, மீதியை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். கழுவ எழுந்தேன், கழுவவில்லை. குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி, ஒரே குமட்டல். அம்மாவுக்கு இதை எழுதிவிடாதே, ஈஸ்டர் வரைக்கும் அவள் காத்திருக்கட்டும்.